எலியாவைச் செய்தது யார்? – ஸ்டாஃபோர்ட்ஷைர் பயணக் குறிப்புகள்

அக்டோபர் 9, புதன் – ஹான்லி

இங்கிலாந்தில் மட்பாண்டத்துக்குப் பெயர்போன இடம் ஸ்டோக்-ஆன்-டிரென்ட். வரைபடத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். இறங்கிப் பார்த்தால் ஆறு ஊர்கள். டன்ஸ்டால், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். ரயில் ஸ்டோக்கில் நிற்கும், கடைத்தெரு ஹான்லியில் இருக்கும், நாம் தேடி வந்த பழைய மண்பொம்மைகளின் கதை பர்ஸ்லத்தில் இருக்கும். இது தெரியாமல் ஸ்டேஷன் பக்கத்திலேயே அறை எடுப்பவர்கள் பஸ்ஸுக்கே பாதிப் பொழுதைக் கொடுக்க வேண்டும்.

இறங்கும்போதே மழை. குடையை மதிக்காமல் பக்கவாட்டில் அடிக்கிற மழை. நனைந்தபடி ஓர் ஓட்கேக் கடைக்குள் நுழைந்தோம். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட் போட்டுக் கரைத்துப் பொங்கவிட்டு, காய்ந்த கல்லில் மெல்லிசாக ஊற்றி எடுக்கிறார்கள். உள்ளே சீஸும் பேக்கனும் வைத்து மடித்துத் தருகிறார்கள். இரண்டு பேருக்கும் டீயோடு சேர்த்து ஒன்பது பவுண்டு. லண்டனில் இந்தக் காசுக்கு ஒருவர்தான் சாப்பிடலாம். கடைக்கார அம்மா என்னையும் செல்லமாக ‘டக்’ (வாத்து) என்றார், என் மனைவியையும் ‘டக்’ என்றார், பின்னால் நின்ற போலீஸ்காரரையும் ‘டக்’ என்றார். இந்த ஊரில் எல்லாரும் டக்தான்.

சாப்பிட்டுவிட்டு பாட்டரீஸ் மியூசியம். நுழைவுக் கட்டணம் இல்லை. ஸ்டாஃபோர்ட்ஷைர் மட்பாண்டங்களில் உலகத்திலேயே பெரிய தொகுப்பு இங்கேதான். வாசல் தாண்டியதும் எல்லாரும் தேடுவது ஓஸி என்கிற ஆந்தையை. 17ஆம் நூற்றாண்டு ஜாடி அது, தலையைக் கழற்றினால் குவளை. 1990இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு யாரோ கொண்டுவந்து காட்டப்போய்த்தான் வெளியே தெரிந்தது. அப்புறம் பசுமாடு வடிவப் பால் ஜாடிகள், மொத்தம் 667. வாலைப் பிடித்துத் தூக்கினால் வாய் வழியாகப் பால் ஊற்றும். மனைவிக்கு அங்கிருந்து நகர மனசே இல்லை.

நான் வந்தது பொம்மைகளுக்காக. 1790 வாக்கில் தொடங்கி 1840 வரை இந்த ஆறு ஊர்களில் சின்னச் சின்னப் பட்டறைகள் வேதாகமக் கதைகளைப் பொம்மையாகச் செய்து தள்ளின. காகம் போஷித்த எலியா தீர்க்கதரிசி, அவருக்கு அப்பம் கொடுத்த சாறிபாத் விதவை, எகிப்துக்குப் போகும் இயேசுவின் குடும்பம், திரும்பி வரும் குடும்பம், ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆபிரகாம், சிம்சோன், நான்கு சுவிசேஷகர்கள். பின்னால் ஒரு பூமரம் நிற்கும். வியாபாரிகள் அதை போக்காஜ் என்பார்கள். அந்த மரம் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, சூளையில் பொம்மைக்கு முட்டுக்கொடுத்துத் தாங்கவும் செய்யும்.

எங்களிடமும் ஒரு எலியா இருக்கிறார். போன குளிர்காலத்தில் ஒரு மைதானச் சந்தையில் மனைவி பன்னிரண்டு பவுண்டுக்கு வாங்கினாள். சாண் உயரம்தான். பாறைமேல் உட்கார்ந்திருக்கிறார், மரத்தில் காகம், கீழே ஓடை. மரத்தின் வலப்பக்கம் பாதி இல்லை. விற்றவர், “இது வால்டன் செய்தது, என் பாட்டி வைத்திருந்தது” என்றார். அதைச் சரிபார்க்கத்தான் இந்தப் பயணமே. பிஸ்கட் டின்னில், இரண்டு துண்டுக்கு நடுவில் படுத்தபடி எலியாவும் கூட வருகிறார்.

ஜான் வால்டன் பர்ஸ்லத்துக்காரர். 1806 முதல் 1830களின் நடுப்பகுதி வரை தொழில் செய்தார். இவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பொம்மையின் பின்பக்கம் சுருள் மாதிரி ஒரு பட்டை வைத்து அதில் தன் பெயரை அழுத்திவிடுவார். ஹான்லியில் ரால்ஃப் சால்ட்டும் அப்படித்தான். மற்றவர்களில் முக்கால்வாசிப்பேர் பெயரே போடவில்லை. ஆகவே முத்திரை உள்ள பொம்மையை எடுத்துக்கொண்டு, அதன் இலை எத்தனை மடல், பூவின் நடுவில் புள்ளியா குமிழா, அடிமேட்டில் ஒட்டிய சின்னப் பூங்கொத்து எந்த அச்சு என்று பார்த்து, முத்திரை இல்லாத பொம்மையோடு ஒத்துப் பார்க்கிறார்கள். இன்னார் செய்தது என்று சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த இலைக் கணக்குதான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வால்டன் பொம்மைகளின் இலைகளை மனைவி போனில் படம் எடுத்தாள். எங்கள் எலியாவின் இலையும் ஐந்து மடல்தான். “பாருங்க, அதே இலை!” என்றாள். சால்ட்டும் ஏறக்குறைய அதே இலையைத்தான் போட்டார் என்று நான் சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து, டீ வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன் – லாங்டன்

ராத்திரி அறையில் வெந்நீர் வரவில்லை. கீழே போய்ச் சொன்னால், “பத்து நிமிஷம் திறந்து விடுங்கள், வரும்” என்றார்கள். வந்தது, ஆனால் நிறம் டீ. காலையில் குளிக்காமலே கிளம்பினோம்.

லாங்டனில் கிளாட்ஸ்டன் பாட்டரி மியூசியம். பழைய தொழிற்சாலையை அப்படியே வைத்திருக்கிறார்கள், நடுமுற்றத்தில் பாட்டில் சூளைகள். ஒரு காலத்தில் இந்த ஆறு ஊர்களிலும் இந்த மாதிரி இரண்டாயிரத்துக்கு மேல் நின்றனவாம். இன்றைக்கு ஐம்பதுகூடத் தேறாது. சூளைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் உச்சியில் வட்டமாகக் கொஞ்சம் வானம், அது வழியாக மழை.

இங்கே ஒரு தனிக் கட்டடம் முழுக்கக் கழிப்பறைத் தொட்டிகளின் வரலாறு. பொம்மையைப் பற்றிப் பேச வந்தவனுக்கு அது எதற்கு என்று கேட்கலாம். உள்ளே போனால் வெளியே வர மனசு வராது, அவ்வளவுதான் சொல்வேன்.

பட்டறையில் ஒரு பெண் உள்ளங்கையிலேயே களிமண் இதழ்களை நசுக்கி ரோஜா செய்து காட்டினார். எங்களையும் செய்யச் சொன்னார். மனைவிக்கு வந்தது. எனக்கு வந்ததைக் கோசு என்று சொல்லலாம்.

இன்றைய பொழுதை உருப்படியாக்கியவர் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். சின்ன வயசிலிருந்து பாட்டரியில் வேலை, பொம்மை வார்ப்பில் பல வருஷம் என்றார். டின்னைத் திறந்து காட்டியதும் எலியாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கக் குழிக்குள் விரலை விட்டார். என் விரலையும் பிடித்து உள்ளே விட்டார். உள்சுவர் வழுவழுப்பாக இல்லை, மேடும் பள்ளமுமாக இருந்தது. களிமண் தகட்டை அச்சின் இரண்டு பாதிக்குள்ளும் வைத்து விரலால் அமுக்கிய தடம் அது. அமுக்கியவரின் விரல் என் விரலைவிடச் சின்னது.

“வார்த்த பொம்மையானால் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும். இது அமுக்கிச் செய்தது” என்றார். கூழ் களிமண்ணை அச்சில் ஊற்றி, சுவர் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துக் கொட்டுவது வார்ப்பு. அப்படிச் செய்யும் போலிகளில் கூழ் வடிய விட்ட ஓட்டை அடியில் காசளவுக்கு இருக்கும். பழைய பொம்மையிலும் ஓட்டை உண்டு, ஆனால் அது சூளையில் காற்றுப் போக, பட்டாணி அளவுக்கு. எங்களுடையதற்கு அடியே திறந்து கிடப்பதால் அந்தக் கேள்வியே எழவில்லை.

அடுத்து அவர் காட்டியது நிறம். பாறை மடிப்புகளிலும் பாதத்துக்குக் கீழும் கண்ணாடி மாதிரியான மெருகுப் பூச்சு தேங்கிய இடத்தில் லேசாக நீலம் ஓடியது. 1770களின் பிற்பகுதியில் வந்த பேர்ல்வேர் என்கிற வகை இது. மண்ணின் மஞ்சள் தெரியாமல் இருக்க மெருகில் துளி கோபால்ட் சேர்ப்பார்கள். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் இதே கணக்குதான், துணி மடிப்பில் நீலம் தங்குகிற மாதிரி இங்கேயும் தங்குகிறது. போலி செய்கிறவர்கள் மெருகில் டீ நிறத்தைக் கலந்து வெடிப்புக்கோடு வரவழைக்கிறார்கள். பழசு என்றால் அழுக்காக இருக்கும் என்று நினைக்கும் ஆட்களுக்கு அது போதும்.

அவர் எழுந்து போகும்போது, “யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவன் எதையோ விற்க வந்திருக்கிறான்” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு மாதிரி ஒன்று வைத்தார். மதியம் பக்கத்துக் கடையில் மட்டன் பை, பட்டாணி மசியல், குழம்பு, ஆறரைப் பவுண்டு. உப்பு கம்மி, சூடு நிறைய.

அக்டோபர் 11, வெள்ளி – பர்ஸ்லம்

பர்ஸ்லத்தை மட்பாண்டத்தின் தாய் ஊர் என்று சொல்வார்கள். பார்க்க வருத்தமாக இருந்தது. வெட்ஜ்வுட் இன்ஸ்டிடியூட் முகப்பில் சுட்ட மண் சிற்பங்கள் அப்படியே இருக்கின்றன, எதிரே கடைகளுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். மழை விட்டுவிட்டது. காற்று மட்டும் எலும்பு வரைக்கும் போயிற்று.

இந்த ஊரில் ஏன் இத்தனை எலியா, இத்தனை விதவை என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி 1760இல் முதல் தடவை இங்கே வந்தார். மலைமேல் சிதறிக் கிடக்கும் ஊர், கிட்டத்தட்ட எல்லாரும் குயவர்கள் என்று நாட்குறிப்பில் எழுதினார். யாரோ மண்ணாங்கட்டியால் அடித்தார்கள், பிரசங்கத்தை நிறுத்தவில்லை. கொஞ்ச வருஷத்தில் ஊரே மெதடிஸ்ட் ஆகிவிட்டது. 1781இல் இந்த ஊர்க் குயவர் இனாக் வுட் வெஸ்லியை எதிரில் உட்காரவைத்து மார்பளவுச் சிலை செய்தார், அது சக்கைபோடு போட்டது. 1807இல் பக்கத்து மௌ காப் குன்றில் நாள் முழுக்கத் திறந்தவெளி ஜெபக்கூட்டம் நடந்தது. அதில் பிறந்ததுதான் பிரிமிடிவ் மெதடிஸ்ட் சபை. அதன் தலைவர்களில் ஒருவரான வில்லியம் கிளவ்ஸ் இதே பர்ஸ்லத்தில் பிறந்த குயவர்.

செய்தவர்களும் ஜெபக்கூட்டத்துக்குப் போனவர்கள், வாங்கியவர்களும் போனவர்கள். ஜெபம் பண்ண யாரும் இந்தப் பொம்மையை வைக்கவில்லை. அடுப்பு மாடத்தில் இரண்டு பக்கமும் வைக்க ஒரு ஜோடி, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஆற்றோரம் காகத்திடம் அப்பம் வாங்கும் எலியா, மறுபக்கம் கடைசிப் பிடி மாவோடு விதவை. இரண்டும் ஒரே அதிகாரத்தில் வருகிற கதை, இரண்டுமே சாப்பாட்டுக்கு வழியில்லாதபோது சாப்பாடு வந்த கதை. கூலி நாளையே எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த ஜோடி ஏன் விற்றது என்று பாளையங்கோட்டை ஓய்வுநாள் பள்ளியில் படித்த எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கூலி என்றதும் ஒன்று. பொம்மைத் தொழிலில் பிள்ளைகள் நிறைய. அச்சைத் தூக்கிக்கொண்டு உலர்த்தும் அறைக்கும் பட்டறைக்கும் ஓடுவதற்கென்றே பையன்கள் இருந்தார்கள். 1841இல் சாமுவேல் ஸ்கிரிவன் அரசுக்காக இந்தப் பட்டறைகளைச் சுற்றிப் பிள்ளைகளிடமே வாக்குமூலம் வாங்கினார். நேற்று எலியாவுக்குள் விரல்விட்டபோது தட்டுப்பட்ட சின்னத் தடம் இன்றைக்கும் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

இனாக் வுட் இன்னொரு வேலையும் செய்தார். 1828இல் இங்கே புனித பவுல் ஆலயம் கட்டத் தொடங்கியபோது அஸ்திவாரத்தில் மட்பாண்டங்களைப் புதைத்து வைத்தார். 1974இல் ஆலயத்தை இடித்தபோது அவை வெளியே வந்தன. எந்தக் காலத்தில் எது செய்யப்பட்டது என்று சொல்ல இந்த மாதிரிப் புதையலும் குப்பைமேட்டில் கிடைக்கும் உடைசலும்தான் கெட்டியான சாட்சி. இலைக் கணக்கு அதற்கு அடுத்த படிதான்.

இலைக் கணக்கில் என்ன சிக்கல் என்றால், அச்சு கைமாறும். ஒரு பட்டறை நொடித்தால் அச்சுகளை ஏலத்தில் அடுத்தவன் எடுப்பான். வடிவம் செய்கிறவன் ஒரே எலியாவை இரண்டு முதலாளிக்கு விற்பான். நன்றாக விற்கும் பொம்மையை எதிர்வீட்டுக்காரன் வாங்கிக்கொண்டு போய் அதன்மேலேயே அச்சு எடுப்பான். அப்படி எடுத்தால் மண் சுருங்குவதால் பொம்மை கொஞ்சம் சின்னதாகும், முகத்தின் கூர்மை மழுங்கும். வில்லியம் கென்ட் கம்பெனி இதே பர்ஸ்லத்தில் பழைய வடிவங்களை 1962 வரைக்கும் செய்துகொண்டிருந்தது. ஆகவே அதே வடிவம் என்பதால் அதே ஆள், அதே காலம் என்று ஆகிவிடாது.

மாலையில் மிடில்போர்ட் பாட்டரி வாசலில் கால்வாய்க் கரையில் நடந்தோம். படகில் இருந்த ஒரு தம்பதி கை காட்டிப் பேச்சுக் கொடுத்தார்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்றார்கள். லண்டன் என்றோம். “அடடா” என்று பரிதாபப்பட்டார்கள்.

அக்டோபர் 12, சனி – நனீட்டனில்

கேம்பிரிட்ஜுக்கு மதியம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதல் ரயில் தாமதம், அதனால் அடுத்தது தவறியது, அதற்கடுத்தது ரத்து. நனீட்டன் மேடையில் குளிரில் உட்கார்ந்து சாயங்காலம் ஆகிவிட்டது. காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. சான்ட்விச் நாலேகால் பவுண்டு, நடுவில் இருந்த முட்டைக்கு ருசி என்று எதுவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மனைவியின் மடியில் டின்னைப் பார்த்துவிட்டு, பிஸ்கட் கிடைக்குமா என்று கேட்டார். திறந்து காட்டினோம். “ஓ, எலைஜா!” என்று அடையாளம் சொல்லிவிட்டார், தலைப்பு எதுவும் எழுதாத பொம்மையை. தன் பையிலிருந்து சாக்லேட் எடுத்து எங்களுக்கும் பிட்டுக் கொடுத்தார். வேறொன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு – கேம்பிரிட்ஜ்

ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் திறக்கும். அதுவரை மார்க்கெட்டில் சுற்றினோம். ஒரு கிண்ணம் பருப்புக் கறி சோறு ஒன்பதரை. வெயில் அடித்தது, இந்தப் பயணத்தில் முதல் தடவையாக.

இங்கே நான் வர ஆசைப்பட்டதற்குக் காரணம் கிளேஷர். ஜேம்ஸ் விட்பிரெட் லீ கிளேஷர் டிரினிட்டி கல்லூரிக் கணிதக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாழ்நாள் முழுக்கக் கல்லூரியில்தான். கணக்கு போக மீதி நேரமும் பணமும் மட்பாண்டத்துக்கு. 1928இல் இறந்தபோது மூவாயிரம் உருப்படி வாக்கில் இந்த மியூசியத்துக்கு எழுதிவைத்தார். எங்கே வாங்கியது, என்ன விலை, எந்த மூலையில் சில்லு போயிருக்கிறது என்று நோட்டுப் புத்தகம் நோட்டுப் புத்தகமாகக் குறித்தும் வைத்தார்.

நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயம். கிளேஷர் குவார்ட்டர்லி ஜர்னல் என்கிற கணித இதழுக்கும் ஆசிரியர். பை என்ற எண்ணை நெருங்கிக் கணக்கிடும் ராமானுஜனின் புகழ்பெற்ற கட்டுரை 1914இல் வெளியானது அந்த இதழில்தான். ராமானுஜன் டிரினிட்டியில் இருந்த வருஷங்களில் அதே கல்லூரியில் ஒரு அறைத்தொகுப்பு ஜாடியும் தட்டும் பொம்மையுமாக நிறைந்துகொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னதும் மனைவி, “அவர் ரசத்துக்குத் திண்டாடிட்டு இருந்திருப்பார், இவர் தட்டு சேர்த்திருக்கார்” என்றாள்.

கிளேஷர் அலமாரிகளில் நின்று பார்க்க வேண்டியவை 17ஆம் நூற்றாண்டுத் தட்டுகள். ஆதாமும் ஏவாளும் நடுவில் மரமும் பாம்பும், விளிம்பைச் சுற்றி நீலக் கோடுகள். அவசரமாகத் தீட்டியது, ஏவாளின் முகம் ஆதாமின் முகத்தைவிடக் கோபமாக இருக்கிறது. சாப்பிட வைத்தது இல்லை, சுவரில் சாய்த்து வைக்க. எங்கள் எலியாவுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்த உறவு.

நான் அதிகம் படித்தது அட்டைகளை. பொம்மைக்குக் கீழே ‘ஸ்டாஃபோர்ட்ஷைர், செய்தவர் தெரியவில்லை’ என்று போடுவதில் மியூசியத்துக்குக் கூச்சமே இல்லை. முத்திரை இருந்தால் பெயர் போடுகிறார்கள். ஒப்பிட்டுச் சொல்வதானால் ‘அநேகமாக’ என்று சேர்க்கிறார்கள். அதே பொம்மை கடையில் இருந்தால் அந்த ‘அநேகமாக’ முதலில் உதிரும்.

இதற்குப் பெரிய உதாரணம் ஒபடையா ஷெராட். பர்ஸ்லத்தில் இப்படி ஒரு குயவர் இருந்தது நிஜம். சின்ன மேஜை மாதிரிக் கால் வைத்த பீடத்தின்மேல் கூட்டமாக நிற்கும் முரட்டுப் பொம்மைகள் எல்லாம் அவருடையவை என்று ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் அவர் பெயர் பொறித்த ஒரு பொம்மைகூட இதுவரை கிடைக்கவில்லை. ஒத்துப் பார்க்க அடிப்படையே இல்லாத இடத்தில் பெயர் மட்டும் நிற்கிறது. விலையும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. இன்ன பட்டறைக் கூட்டம் என்று இலையின் பெயரையோ பீடத்தின் பெயரையோ வைத்து அழைக்கும் இப்போதைய வழக்கம் எவ்வளவோ நாணயமானது.

படியிறங்கும்போது மனைவி டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 2006இல் இதே மியூசியத்தில் ஒருவர் ஷூ லேஸ் தடுக்கி விழுந்து மூன்று பெரிய சீன ஜாடிகளை நொறுக்கிய கதையை நான்தான் காலையில் சொல்லியிருந்தேன். அவற்றை ஒட்டவைத்துவிட்டார்கள் என்பதைச் சொல்வதற்குள் அவள் என் லேஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய் – பிரைட்டன்

கடற்காற்று. மீனும் சிப்ஸும் ஆளுக்குப் பதினாலு பவுண்டு. அதிலும் என் பங்கில் கால்வாசியைக் கடற்காகம் ஒன்று தூக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்காமல் இருக்க முயற்சி பண்ணியது தெரிந்தது. ஒருவர் தன் தட்டை நீட்டி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பிரைட்டன் மியூசியத்தில் டிக்கெட் உண்டு. அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டியது வில்லெட் தொகுப்பு. ஹென்றி வில்லெட் இந்த ஊரில் பீர் வடித்துச் சம்பாதித்தவர். ஒரு நாட்டின் கதையை அதன் சாதாரண வீட்டுப் பாத்திரங்களிலேயே படித்துவிடலாம் என்பது அவர் கட்சி. ஆகவே இரண்டாயிரம் சொச்சம் உருப்படியையும் செய்தவர் பெயரால் அடுக்காமல் விஷயத்தால் அடுக்கினார். ராஜா ராணி ஒரு பக்கம், கடற்படை ஒரு பக்கம், குற்றம், குடி, விளையாட்டு, மதம்.

இப்படி அடுக்கினால் வேறு ஒரு கேள்வி முன்னால் வருகிறது. இது யார் செய்தது என்பதற்கு முன்பு, இது யாருடைய உருவம்? சிங்கத்தோடு நிற்கும் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். வாயைப் பிளந்தால் சிம்சோன். காலடியில் சாதுவாகப் படுத்திருந்து, ஆள் கையில் புத்தகமும் இருந்தால் சுவிசேஷகர் மாற்கு. சுற்றிலும் பல சிங்கம் என்றால் தானியேல். விக்டோரியா காலத்துப் பொம்மையாக இருந்து, ஆள் ரோமானியப் போர்வீரன் மாதிரி உடுத்தியிருந்தால் அது வேதாகமமே இல்லை. ஐசக் வான் ஆம்பர்க் என்கிற அமெரிக்க சர்க்கஸ்காரர், 1838 வாக்கில் லண்டனைக் கலக்கியவர். கிணற்றடியில் குடத்தோடு பெண் என்றால் ரெபெக்காளா சமாரியப் பெண்ணா என்று தலைப்பு இல்லாமல் சொல்வது சிரமம். பக்கத்தில் ஒட்டகம் இருந்தால் ரெபெக்காள் என்று தைரியமாகச் சொல்லலாம். முழங்காலில் நிற்கும் குழந்தை சாமுவேல், அது ஓவியர் ரேனால்ட்ஸ் 1776இல் தீட்டிய படத்திலிருந்து வந்தது. ‘பாதிரியும் மோசேயும்’ என்ற தலைப்போடு ஒரு பொம்மை உண்டு, குயவர் ரால்ஃப் வுட் காலத்தது. அந்த மோசே கற்பலகை வாங்கியவர் இல்லை. மேலே பாதிரியார் தூங்க, கீழே கோயில் குமாஸ்தா மோசே ஆராதனையை நடத்திக்கொண்டிருக்கிறார். வேதாகமப் பொம்மை என்று சேர்த்தால் தப்பு, சேர்க்காமல் விடவும் மனசு வராது.

வெளியே வந்து சந்துகளுக்குள் ஒரு பழம்பொருள் கடைக்குப் போனோம். கடைக்காரர் மரியாதையானவர், நாற்காலி போட்டார். கையில் புற ஊதா வெளிச்ச டார்ச். விளக்கை அணைத்துவிட்டு எலியாமேல் அடித்தார். உடம்பு முழுக்க ஒரே மாதிரி இருந்தது, மரத்தின் இடப்பக்கக் கிளையும் காகத்தின் வாலும் மட்டும் பால் வெள்ளையாகத் தனித்துத் தெரிந்தன. “இது பிற்பாடு பிசின் வைத்துச் செய்து வர்ணம் அடித்தது” என்றார். குண்டூசியால் மெல்லத் தொட்டுக் காட்டினார். மெருகின்மேல் ஊசி வழுக்கியது, வாலில் பதிந்தது. அதாவது வால்டனோடு நாங்கள் ஒத்துப் பார்த்த ஐந்து மடல் இலைகளில் பாதி, யாரோ ஒரு ஒட்டுக்காரர் போன நூற்றாண்டில் செய்தவை. மீதியுள்ள மூன்று இலையும் உடைந்த விளிம்போடு இருக்கின்றன. அவற்றை வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

“இப்படியே இருந்தால் தொண்ணூறு பவுண்டு தருகிறேன்” என்றார். முத்திரை இருந்திருந்தால் என்று கேட்டேன். “இதே உடைசலோடு இருநூற்றைம்பது.” பிறகு குரலைத் தாழ்த்தி, தான் இதை விற்பதானால் ஷெராட் பாணி என்று அட்டை எழுதுவேன் என்றார்.

மனைவி டின்னை மூடினாள். “மேஜைக் காலே இல்லையே இதுக்கு?” என்று என்னிடம் தமிழில் கேட்டாள். பிறகு அவரிடம் இங்கிலீஷில், விற்பதற்கு இல்லை, நன்றி என்றாள்.

ரயிலில் கிளேஷர் மாதிரி ஒரு நோட்டு தொடங்கியிருக்கிறாள். வாங்கிய இடம், வாங்கிய நாள், பொருள்: எலியாவும் காகமும், 1 இராஜாக்கள் 17. வகை: பேர்ல்வேர், அமுக்கிச் செய்தது, மேலே எனாமல் வர்ணம். காலம்: சுமார் 1820. பழுது: இடக்கிளை, காகத்தின் வால் புதிது, வலக்கிளை இல்லை. செய்தவர்: ஸ்டாஃபோர்ட்ஷைர், பெயர் தெரியவில்லை. விலை என்ற இடத்தில் பன்னிரண்டு பவுண்டு என்று எழுதினாள். இந்த ஒரு வார ரயில் டிக்கெட்டையும் சேர்த்து எழுது என்றேன். “அது உங்க நோட்டுல எழுதுங்க” என்றுவிட்டாள். அடுத்து விதவையைத் தேட வேண்டுமாம். ஜோடி இல்லாமல் அலமாரி ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருக்கிறதாம்.